அஷ்டமி நவமியில் கடல் இல்லை

லண்டனில் வீடு வாங்க வழியில்லாதவர்களுக்காகவே ஆண்டவன் கடற்கரையைப் படைத்திருக்கிறான். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்தபோது முருங்கைக்காயும் முருகன் கோயிலும் பக்கத்திலேயே கிடைத்தன; வீடு மட்டும் எட்டவில்லை. ரயில் பாதையைப் பிடித்துக் கிழக்கே போகப் போக விலை இறங்கியது. தண்டவாளம் தீரப்போகிற இடத்தில் எங்கள் கைக்குள் வந்தது. அந்த இடம் சௌத்தெண்ட். லண்டன் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம்.

இப்படி வந்து இறங்குகிறவர்களை இங்கே 'டி.எஃப்.எல்.' என்பார்கள். 'டவுன் ஃப்ரம் லண்டன்' என்பதன் சுருக்கம். எங்களால்தான் ஊரில் வீட்டு விலை ஏறிவிட்டது என்று பழைய ஆட்களுக்கு வருத்தம். அங்கே வாங்க வக்கில்லாமல் ஓடிவந்தவனைப் பார்த்து இங்கே பணக்காரன் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நான் மறுத்துப் பேசுவதில்லை.

வீட்டுத் தரகர் "கடல் தெரியும் வீடு" என்று சொல்லித்தான் விற்றார். பொய் இல்லை. குளியலறை ஜன்னலைத் திறந்து, வலது தோள் வரை வெளியே நீட்டினால், எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் ஒரு சாண் கடல் தெரியும். அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டுதான் நாகப்பட்டினத்தில் என் அம்மா "பையன் பீச் ஹவுஸ் வாங்கிட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

குடியேறியபின் ஒன்று புரிந்தது. கடலும் வெயிலும் இல்லாத நேரத்தைக் கவலையில்லாமல் கழிக்க வெள்ளைக்காரர்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் இங்கிலாந்தில் கடற்கரை ஊர் என்று பெயர். கடலும் வெயிலும் வந்துவிட்டால் லாபம்.

ஆறு மாத விசாவில் அம்மா வந்தார். மறுநாள் மதியமே கடலைப் பார்க்கக் கிளம்பினோம். கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கண்ணெட்டும் தூரம் வரை சேறு. சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகள்.

"என்னடா, வத்திப்போச்சா?"

"சாயங்காலம் வந்துடும்மா."

"எங்க போயிருக்கு?"

நாகையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கால் நனைகிற இடம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். இங்கே, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் 5 மீட்டருக்கு மேல் போகும். தரையோ தட்டை. அதனால் நீர் வடிந்தால் ஒரு மைலுக்கு அப்பால் போய்த்தான் நிற்கும்.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து நீராவிக் கப்பலில் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். நீர் வடிந்த நேரத்தில் கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் வருகிற வரை காத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1830இல் கடலுக்குள் ஒரு மரப் பாலம் போட்டார்கள். நீளம் போதவில்லை, நீட்டினார்கள். அதற்குப் பதிலாக 1889இல் இரும்புப் பாலம் வந்தது. அதையும் நீட்டி நீட்டி இன்று 1.33 மைல். உல்லாசத்துக்கென்று கட்டிய கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். நடக்க முடியாதவர்களுக்கு அதன்மேல் ரயிலும் ஓடுகிறது.

"கடல் வராட்டி நாம டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கணுமா?" என்றார் அம்மா. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

வெயிலுக்கான ஏற்பாடு தனி. பக்கத்து வீட்டுத் தாத்தா 14 டிகிரி வந்தாலே மடக்கு நாற்காலியோடு புறப்பட்டுவிடுவார். மணலில் நாலு கம்பு நட்டு, காற்றைத் தடுக்கக் கோடு போட்ட துணியைக் கட்டி, கம்பளிச் சட்டைமேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்து, "அருமையான நாள்" என்பார். வானத்தைக் காட்டினால், "மேகம் நேற்றைவிட வெளுப்பு" என்பார். பிப்ரவரியில் தண்ணீர் 7 டிகிரிக்கும் கீழே போகும்போதும் இறங்கிக் குளிக்கும் கோஷ்டி ஒன்று உண்டு. ஊதா நிறத்தில் கரையேறி, "இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது" என்று நம்மையும் கூப்பிடுவார்கள். உடம்பு மரத்துப்போனால் ஒன்றும் தெரியாதுதான்.

மழை வலுத்தால் அதற்கென்று வரிசையாகச் சூதாட்டக் கூடங்கள். 2 பென்ஸ் காசு போடும் இயந்திரத்தில் ஒரு தட்டு முன்னும் பின்னும் அசையும்; விளிம்பில் காசுக் குவியல் இதோ விழப்போகிறேன் என்று தொங்கும்; விழாது. காபி விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துக் காபியே வேண்டாம் என்ற என் அம்மா, இங்கே "ரெண்டு ரூவாதானே" என்று மதியம் முழுவதும் நின்றார். கிடைத்தது ஒரு சாவி வளையம். "இன்னும் ஒரு காசு போட்டிருந்தா மொத்தமும் விழுந்திருக்கும்" என்று வீடு வரும் வரை புலம்பல்.

அடுத்தது கடற்காகம். உப்பும் வினிகரும் தெளித்த சுடச்சுட சிப்ஸை என் மனைவி வாயருகே கொண்டுபோனாள். பின்னாலிருந்து ஒரு வெள்ளைச் சிறகு அவள் காதை உரசியது. கையில் மிச்சம் இருந்தது மரக் குச்சி மட்டும். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் கடற்காகத்தைப் பாதுகாக்கிறது. சிப்ஸைப் பாதுகாக்கச் சட்டம் எதுவும் இல்லை. கண்ணோடு கண் முறைத்துப் பார்த்தால் கடற்காகம் நெருங்கத் தயங்குகிறது என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். நான் முறைத்தேன், என் சிப்ஸும் போயிற்று. அம்மா ஒரு தடவை கண்ணை உருட்டினார். பறவை குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சின்ன வயதில் நானும் அந்த மாதிரி இடத்தில்தான் போய் நிற்பேன்.

வானம் தெளிவாக இருந்த ஒரு நாள், கடற்பாலத்தின் நுனியில் நின்றபோது எதிர்க்கரையான கெண்ட் பக்கம் நீரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பங்களைக் காட்டி, "அது என்னடா?" என்றார் அம்மா.

"ரிச்சர்ட் மான்ட்கோமரின்னு அமெரிக்கக் கப்பல்மா. 1944ல குண்டு ஏத்திக்கிட்டு வந்து தரை தட்டி மூழ்கிடுச்சு. இன்னும் 1,400 டன் வெடிபொருள் உள்ளேயே இருக்கு."

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கப் போனா வெடிச்சாலும் வெடிச்சுடுமாம்."

"எடுக்காம விட்டா?"

"அதுவும் உறுதியா சொல்ல முடியாதாம்."

"அப்ப என்னதான் பண்றாங்க?"

"வருஷா வருஷம் அளந்து பார்த்து அறிக்கை விடறாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஊர் ஆபீஸ் மாதிரிதான் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல."

கடற்கரையில் வீடு என்றால் உறவுக்காரர்களின் பாசம் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. 12 டிகிரியில் நம்மை மறந்திருப்பவர்கள் 28 டிகிரியில் புளியோதரைத் தூக்கோடு வாசலில் நிற்பார்கள். எந்நேரம் வந்தால் கடல் இருக்கும் என்று போனில் கேட்பார்கள். ஓத அட்டவணையைத் தேடி நான் கைப்பேசியைத் தடவுவதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்துப் பார்த்து அவரே கணக்குப் பிடித்துவிட்டார்: அமாவாசை, பௌர்ணமி என்றால் மதியச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குக் கடல் வந்து நிற்கும், அஷ்டமி, நவமியில் அந்நேரம் சேறுதான். "அஷ்டமி நவமில கிளம்பாதே" என்று அவர் சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அம்மாவால் ஏற்கவே முடியாதது தோர்ப் பே கடற்கரையில் வரிசையாக நிற்கும் மரக் குடில்கள். வர்ணமடித்த சின்னப் பெட்டிகள். கரண்ட் இல்லை, கழிப்பறை இல்லை, ராத்திரி தங்கக் கூடாது. விலை பல்லாயிரம் பவுண்டு. தென்மேற்கே டார்செட்டில் மட்ஃபோர்ட் என்ற இடத்தில் கடற்கரைக் குடில் ஒன்று 3 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றிருக்கிறது. "கொள்ளை. நாலு பலகைக்கா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தாத்தா அம்மாவைத் தம் குடிலுக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். போன நேரம் நல்ல மழை, கடலையும் காணோம். அவர் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தார். கதவை விரியத் திறந்துவைத்து, முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சேற்றில் மழை பெய்வதை மாலை வரை பார்த்துவிட்டு வந்தவர், "நல்ல பொழுது" என்றார்.

விசா முடிந்து நாகைக்குப் போய்ச் சேர்ந்தார். வாரம் தவறாமல் போன் வருகிறது. பேரப்பிள்ளைகளின் முறை அப்புறம்தான், முதல் கேள்வி, "குடில் ஏதாவது விலைக்கு வந்துச்சா?"

"அங்கதான் நல்ல கடலே இருக்கேம்மா. போய்ப் பாக்கறீங்களா?"

"போனேன். எப்பப் போனாலும் அங்கேயேதான்டா கிடக்கு. அதுல என்ன இருக்கு?"