வேலிக்கு ஓணான் சாட்சியா, பேராண்டி?

ஏலே பேராண்டி, கோச்சே செயற்கைக்கோள் சொல்ற ஈர்ப்பும், நீ மலையடிவாரத்துல கிராவிமீட்டர் வச்சு எடுத்த ஈர்ப்பும் 20 மில்லிகேல் ஒத்துவரலைங்கிற. அதுக்குள்ள "செயற்கைக்கோள் மாதிரியில் பிழை"ன்னு கட்டுரைக்குத் தலைப்பும் போட்டாச்சு. கெட்டிக்காரன்டே நீ!

அந்த மகராசி 2009 மார்ச்சுல மேல போனவ. 2013 நவம்பர்ல எரிஞ்சு விழுகிற வரைக்கும் 250 கிலோமீட்டர் வாக்குல சுத்துனா. அங்க இருக்கிற கொஞ்சூண்டு காத்து கீழ இழுத்துப் போட்ரக்கூடாதுன்னு செனானை ஊதி ஊதி நின்னா. அவ்வளவு தாழப் பறந்தும், எண்பது நூறு கிலோமீட்டருக்குச் சின்ன மேடுபள்ளம் அவ கண்ணுக்கு மங்கல்தான். உன் கருவியோ காலடிப் பாறை வரைக்கும் கணக்குல சேத்துக்கிடும். அந்த 20 உன் குன்றோட பங்கா இருந்தா என்ன செய்வ? விடுபட்ட சின்ன அலையை ஈஜிஎம் 2008-ங்கிற ஈர்ப்பு மாதிரியில இருந்து எடு, அதுக்கும் சின்னதை நிலத்தோட உயரப் படத்துல இருந்து கணக்குப் போட்டுச் சேரு. அப்புறம் உன் அளவுல இருந்து கழி.

அதுக்காக ஈஜிஎம் 2008-ஐயே உன் வாத்தியார் தந்த பழைய நில ஈர்ப்புப் பட்டியலோட ஒப்பிட்டு, "அற்புதமா ஒத்துப்போகுது"ன்னு பீத்திக்காத. நில அளவைகளையும் போட்டுக் கிண்டினதுதான் அது. அந்தப் பட்டியலும் உள்ள போயிருந்தா வேலிக்கு ஓணான் சாட்சி. கோச்சேயை மட்டும் வச்சுச் செஞ்ச மாதிரிக்கு அந்தச் சொந்தபந்தம் கிடையாது. சோதிச்சா அதைச் சோதி.

நிலத்துக்காரன் மட்டும் யோக்கியமாக்கும்? ஜெர்மனியில போட்ஸ்டாம்ல ஊசல் ஆட்டி எடுத்த மதிப்பை 1909-ல இருந்து உலகமே ஆதாரமா வச்சிருந்துது. அது 14 மில்லிகேல் கூடுதல்! 1971-ல புது வலையமைப்பு வந்துதான் அது ஒழிஞ்சது. உன் பட்டியல் எந்தக் காலத்துதுன்னு பாத்தியா? உயரத்துல ஒரு மீட்டர் பிசகினா 0.3 மில்லிகேல் போச்சு. மேட்டுல கருவியை வச்சுட்டு, உயரத்தை டீக்கடையில உக்காந்து எழுதின புண்ணியவானும் இருந்திருப்பான்.

ஜிபிஎஸ் உயரத்துல மட்ட உயரத்தைக் கழிச்சு, கோச்சே சொல்ற கடல்மட்டப் பரப்பான ஜியாய்டைச் சோதிக்கப்போறேன்னும் சொன்னியே. நம்ம நாட்டுப் பழைய மட்டக்கணக்கும் அதே 1909-துதான். சென்னை, நாகப்பட்டினம்னு ஒன்பது துறையில கடல் மட்டம் பூச்சியம்னு அடிச்சு வச்சாங்க. கடல் என்ன, இவங்க சொன்னபடி எல்லாத் துறையிலும் ஒரே மட்டத்துல நிக்குமா? கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரு சாய்வு தெரிஞ்சா அதையும் தூக்கிக் கோச்சே தலையில கட்டிராத.

சரி சரி, உயரம் எழுதின நோட்டை எடுத்தா. வரும்போது என் கண்ணாடியையும் கொண்டா. உன் கையெழுத்துக்கு அது இல்லாம ஆகாது.