பழைய ஜீப் இழுக்குமா?

கேள்வி: தென்னந்தோப்பில் தேங்காய் டிரெய்லர் இழுக்கப் பழைய மஹிந்திரா 540 ஃபோர்வீல் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்குதுங்க. வாங்கலாமுங்களா?
– வாசகர், கிணத்துக்கடவு

பதில்: தோப்புக்குள் சுற்றி வரத் தாராளமா வாங்குங்க. பாரம் இழுக்கத்தான் என்றால் கொஞ்சம் பொறுங்க. அதில் இருப்பது 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சின், டர்போ கிடையாது. 2.5 லிட்டர் எஞ்சின் போட்ட ஃபோர்வீல் பொலிரோ கேம்பருக்கு இழுவை கூடுதல்.

எதுவானாலும், எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. குபுகுபுவெனப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பின்பட்டை மாட்டுகிற இடத்தில் சேஸிஸைச் சுத்தியலால் தட்டுங்க. புது பெயின்ட் துருவுக்கும் மாப்பிள்ளை வேஷம் போட்டுவிடும். ஃபோர்வீல் லீவரை உழுத மண்ணில் போட்டுச் சோதிங்க, தார்ரோட்டில் வேண்டாம். முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால், திருப்பத்தில் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரத்தைப் பதம் பார்த்துவிடும்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் தாண்டினால் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகலீங்கன்னா, சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.