உண்ணி கடிச்ச தோலும் விருந்துக்கு வந்த கொலைகாரனும்

மாப்ளே, அந்தச் செல்லைக் கொஞ்சம் கீழ வை. ஒரு மணி நேரமா இந்த ஆம்பூர் டீக்கடை பெஞ்சுல நீயும் உன் சேக்காளியும் போடற சண்டையைப் பாத்தா, பாலாத்துத் தண்ணி வழக்கே சீக்கிரம் முடிஞ்சிடும் போல கீது. ஏதோ கொலம்போவாம். நான் மொதல்ல சிலோன் சங்கதின்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கசங்கின மழைக்கோட்டைப் போட்டுக்கினு வர்ற அமெரிக்கா டிவி சீரியல் போலீஸ்காரன்னு. 1971லேருந்து கதைக்குக் கதை ஒரு பெரிய நடிகரு விருந்தாளியா வந்து கொலை பண்ணிட்டுப் போயிருக்காரு. அதுல யாரு படுமோசமா நடிச்சதுன்னு இப்போ உங்களுக்குப் பஞ்சாயத்து. பளபளன்னு இருக்கிற விரலை நீட்டி, "ஜானி கேஷ்தான்!"னு நீ அடிச்சுப் பேசறே.

எனக்கு நடிப்பும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. முப்பது வருஷம் தோல் தரம் பிரிச்சவன், அவ்ளோதான். ஆனா குத்தம் கண்டுபுடிக்கிறதுல எங்களை மிஞ்ச ஆளு இருக்கா?

மேசையில தோலை விரிச்சா புதுசா வந்த பையன் மொதல்ல தழும்பைத்தான் தேடுவான். உண்ணி கடிச்சது, முள்ளு கிழிச்சது, சூடு போட்டது. ஒண்ணு கண்ல பட்டுதுன்னா போதும், கொலைகாரனையே புடிச்சிட்ட மாதிரி "ரிஜெக்ட்"னு கத்துவான். பழைய ஆளு கத்த மாட்டான். "இதை எங்க வெக்கப் போறீங்க?"ன்னு கேப்பான். ஷூவோட முன்பக்கம் மூஞ்சி மாதிரி. அங்க முதுகுத் தோலு போவணும். வயித்துப் பக்கத்துத் தோலு தளர்ச்சி. லேசுக்கு அடியில ஒளிஞ்சிக்கிற நாக்குக்கு அதை வெட்டிக்கலாம். நாக்குக்குப் போவ வேண்டியதை மூஞ்சியில வெச்சுத் தெச்சிட்டு மாட்டைத் திட்டினா, மாடு இன்னா பண்ணும்?

இப்போ உன் ஜானி கேஷுக்கு வருவோம். அவரு பாட்டுக்காரரு. 1974ல அவரைக் கூட்டியாந்தவங்க டாக்டர் வேஷமா குடுத்தாங்க? பக்திப் பாட்டு பாடற பாட்டுக்காரன் வேஷத்தையே குடுத்தாங்க. ஏரோப்ளேன்ல பொண்டாட்டியை மயக்கத்துல உட்டுட்டு, தான் மட்டும் பாராசூட்டுல குதிச்சிடற பாவி. அவரு மூஞ்சி மரக்கட்டைன்னு நீ சொல்றே. ஒத்துக்கறேன். ஊரு முன்னாடி சாமி பாட்டு, உள்ள கொலைன்னு இருக்கறவன் மூஞ்சி வேற எப்படி இருக்கும்? தழும்பு இருந்துது, வெட்டினவன் அதைச் சரியான எடத்துல வெச்சான்.

எதிர்க்கதை ஒண்ணு கீது கேளு. பேட்ரிக் மெக்கூஹன்னு ஒருத்தரு. அதே சீரியல்ல நாலு தடவை கொலைகாரனா வந்து, அதுல ரெண்டுக்கு எம்மி விருது வாங்கினவரு. அசல் முதுகுத் தோலு. 1976ல ஒரு கொமடோர் செத்த கதையை அவரே டைரக்ட் பண்ணாரு. பெரும்பாலும் அந்த சீரியல்ல கொலைகாரன் யாருன்னு மொதல்லயே காட்டிடுவாங்க. புலி ஆட்டைப் புடிக்குமாங்கிறது இல்ல, எப்படிப் புடிக்குதுங்கிறதுதான் ருசி. அந்தத் தடவை கொலைகாரனை மூடி வெச்சு, கடைசியில எல்லாரையும் ஒரே ரூம்புல உக்கார வெச்சு விசாரிச்சாங்க. ரசிகருங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கும் அதைத்தான் உதைக்கிறாங்க. தோலு குத்தமா, வெட்டினவன் குத்தமா?

மூடி வெக்கிற கதைன்னா அதுக்கு வேற ஆளு வேணும். 1993ல தூர்தர்ஷன்ல 'ப்யோம்கேஷ் பக்ஷி' வந்துது. சரதிந்து பந்த்யோபாத்யாய் எழுதின வங்காளத் துப்பறியும் கதைங்க. பாசு சட்டர்ஜி இந்தியில எடுத்தாரு. பக்கத்துவீட்டு பாய் கிட்ட பழகின உருதை வெச்சே எனக்குப் பாதி புரிஞ்சுது. அதுல கொலைகாரன் உப்பு சப்பில்லாத ஆளா, சாந்தமா உக்காந்திருக்கணும். கொஞ்சம் புருவத்தைத் தூக்கினாலும் போச்சு, கதை கந்தல். கொலம்போ வீட்டு விருந்தாளி பிரியாணி மாதிரி, தெருமுனைக்கே வாசம் வரணும். ப்யோம்கேஷ் வீட்டு விருந்தாளி கத்திரிக்காய் தொக்கு, இலை ஓரமா கம்முனு கெடக்கணும். தொக்கைத் தின்னுட்டு "பிரியாணி மாதிரி இல்லையே"ன்னா, உன் நாக்கைத்தான் சோப்பு போட்டுக் கழுவணும்.

இன்னொரு வேடிக்கை. மொத கதையில கல்கத்தா மெஸ்ஸுக்கு அதுல்னு பொய்ப் பேரு சொல்லிக்கினு ஒரு பையன் தங்க வர்றான். அவன்தான் துப்பறியறவன்! பாக்கப்போனா அங்க விருந்தாளி வேஷம் போட்டதே ப்யோம்கேஷ். கொலம்போவும் அப்படித்தான், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி தலையைச் சொறிவான். பெரிய பெரிய நடிகருங்க கொலைகாரனா வந்து நடிச்சாங்க. அவங்களை விட நல்லா நடிச்சது, முட்டாளா நடிச்ச போலீஸ்காரன்.

அதனால தம்பிங்களா, "யாரு மோசம்"னு கேக்கறதுக்கு முன்னாடி "எங்க வெச்சாங்க"ன்னு கேளுங்க. சரி, நான் கெளம்பறேன். டீ காசு குடுத்துட்டேன்.

அட, ஒண்ணு கேக்க மறந்தே போச்சு மாப்ளே. சாயங்காலம் என் தங்கச்சி மவ வந்தா. "மாமா, அவருக்கு நாலு நாளா நைட் ஷிஃப்டாம், சாய டிரம்முலதான் வேலையாம், பாத்தா சாப்பாட்டைக் குடுத்துடுங்க"ன்னு இந்த டிபன் கேரியரைக் குடுத்துட்டுப் போனா. நாலு நாளு சாயத்துல முங்கின விரலு இவ்ளோ பளபளன்னு எப்படிடா இருக்குது? ஜானி கேஷ் மோசமாம்!

இந்தா, புடி. சாப்டுட்டு நேரா வீட்டுக்குப் போ. அவ எனக்குத்தான் மருமவ. அவளும் தலையைச் சொறிஞ்சிக்கினுதான் கேட்டா.