ஆக்டேன் அன்பர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கார் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். பழுது ஒன்றும் இருக்காது. திறந்து பார்ப்பது அவர் வழக்கம். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றிய சின்ன பாட்டில் ஒன்று படுத்திருக்கும். ஆக்டேன் பூஸ்டர், 300 மில்லி. லேபிளில் தீ பறக்கும், ரேஸ் கார் ஒன்று சீறும். அன்பர் ஓட்டுவதோ வேளச்சேரியிலிருந்து கிண்டி ஆபீஸ் வரை, பாதித் தூரம் இரண்டாவது கியரில்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஓர் எண். சாதாரண பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைந்தபட்சம் 91 என்பது அப்போதைய தர விதி. பிள்ளைகளை ப்ளஸ் டூ வரை கரையேற்றியவர் காதில் 91 என்று விழுந்தால் வேறென்ன தோன்றும்? மீதி ஒன்பது மார்க் எங்கே போச்சு? பங்க் பங்க்காக விசாரித்தார். ஒரு கம்பெனியில் 95 இருந்தது, இன்னொன்றில் 97, வேறொன்றில் 99. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் ‘எக்ஸ்பி100’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சென்டம்! அன்பருக்குக் கண் கலங்கிவிட்டது. லிட்டர் சுமார் 160 ரூபாய் என்று கேட்டதும் கலங்கிய கண் காய்ந்தது. அந்தச் சோகத்தில் இருந்தவரைத்தான் ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் கண்ணாடி அலமாரிப் பக்கம் அழைத்துப்போய், “இத ஊத்துங்க சார், முப்பது பாயிண்ட் ஏறும்” என்றார்.

91-ம் 30-ம் 121. அன்பர் இரண்டு பாட்டிலாக வாங்கினார்.

இந்த வியாபாரத்தில் பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஓர் ஆக்டேன். முப்பது ஏறினால் 91 என்பது 94 ஆகும், அதுவும் பாட்டில் சொன்னபடி நடந்தால். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அன்பர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டல்லாஸில் இருக்கும் மச்சினன் தன் காருக்கு 87 போடுவதாகப் போனில் சொன்ன அன்று வீட்டில் பாயசம் வைக்காத குறை. அமெரிக்காவில் இரண்டு விதமான சோதனை எண்களைக் கூட்டி, இரண்டால் வகுத்துப் பம்பில் எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்த இரண்டில் பெரிய எண்ணை மட்டும் சொல்கிறோம். அங்கே 87 என்பது ஏறக்குறைய இங்கே 91. மச்சினனும் இவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சு. இதை யாரும் அன்பரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே உறவுக்கு நல்லது.

பெட்ரோலுக்கு மார்க் போடும் முறை 1920-களில் அமெரிக்காவில் பிறந்தது. கிரஹாம் எட்கர் என்ற வேதியியலர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஹெப்டேன் எஞ்சினில் போட்டவுடன் தட்டும், அதற்கு 0. ஐசோ-ஆக்டேன் லேசில் தட்டாது, அதற்கு 100. அளப்பது எரிபொருளின் பலத்தை அல்ல, பொறுமையை. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தத்தில் நசுங்கும்போது, பிளக் பொறி விட்டு அந்தத் தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். பொறுமையில்லாத பெட்ரோல் முந்திக்கொண்டு மூலையில் வெடிக்கும். அதுதான் நாக்கிங்: தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டும் சத்தம். 100 உச்சவரம்பும் அல்ல. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பொறுமை அதிகம், தெம்பு குறைவு.

அன்பர் இதைக் கேட்க மாட்டார். அவர் காதால் கேட்டது வேறு. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் அவர் கார் கோலிக்குண்டு ஆட்டியது. “பெட்ரோல்ல கலப்படம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாட்டிலை எடுக்க வண்டியை ஓரம் கட்டப்போனார்.

“என்னங்க, நாலாவது கியர்லயே ஏறிட்டிருக்கீங்க” என்றார் மனைவி.

இரண்டாவதுக்கு மாற்றினார். சத்தம் நின்றது. ஏற்காடு ஏரியில் படகு விடும்போது அன்பர் சொன்னார்: “போன மாசம் ஊத்துனது இப்பதான் வேலை செய்யுது.”

இக்காலக் காரில் கோலிக்குண்டு கேட்பதே அரிது. எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று திருகி வைத்திருக்கிறார்கள். உள்ளே தட்டல் கேட்டதும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் பிளக் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். 91-க்கென்று வடிவமைத்த எஞ்சின் 91-லேயே தட்டாமல் ஓடுகிறதென்றால், அதற்கு மேல் ஊற்றும் பொறுமையை வைத்து அது என்ன செய்யும்? தேவையில்லாத இடத்தில் உயர் ரகப் பெட்ரோல் போட்டே அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலர் வீணடித்தார்கள் என்று அந்த நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் கணக்குப் போட்டது. நம் அன்பர் தனிமரம் அல்ல, உலகளாவிய தோப்பில் ஒருவர்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன? சிலவற்றில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள். டொலுயீனின் ஆக்டேன் 120-ஐ ஒட்டி வரும் என்பது உண்மை. ஆனால் 40 லிட்டர் டேங்க்கில் 300 மில்லி என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. ஓர் ஆக்டேனில் கால் பங்குகூட ஏறாது. மூன்று ஏறவேண்டுமென்றால் நான்கு லிட்டர் ஊற்றவேண்டும், அதற்கு டிக்கியில் குடம் வேண்டும். சிறு அளவிலேயே உண்மையாக வேலை செய்பவை உலோகக் கலவைகள்: மாங்கனீசு சேர்ந்த எம்எம்டி, இரும்பு சேர்ந்த ஃபெரோசீன். வேலை செய்துவிட்டு அவை கிளம்பிப் போய்விடுவதில்லை.

“சார், பிளக்கப் பாருங்க. செங்கல் கலரு. என்னத்த ஊத்துறீங்க?” என்றார் மெக்கானிக்.

“எரிப்பு நல்லா நடக்குதுப்பா, அதான் செவந்திருக்கு.”

மெக்கானிக் நாலு பிளக்கையும் மாற்றி பில் போட்டார். அதில் பாட்டில் விலை சேரவில்லை.

உலோகத்தை ஊற்றும் இந்தப் பழக்கம் நூறு வயதைத் தாண்டியது. 1921 டிசம்பரில், ஒஹாயோ மாநிலத்து டேட்டனில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் ஆட்கள் செத்து விழுந்தபோது, 1924 அக்டோபரில் நிருபர்களைக் கூட்டி அதைக் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டுதான் ஈய நச்சு ஏறி, உடம்பைத் தேற்ற மயாமிக்குப் போய்வந்தவர் அவர். ஈயப் பெட்ரோலுக்கு இந்தியா விடை கொடுத்தது 2000-இல். கடைசியாக நிறுத்திய அல்ஜீரியா 2021 வரை விற்றது. மிட்ஜ்லியோடு ஒப்பிட்டால் நம் அன்பர் பரம சாது. அவர் கையில் ஊற்றிக்கொள்வதில்லை, டேங்க்கில்தான்.

ஆனால் மைலேஜ்? டைரியில் ஆதாரம் இருக்கிறது: பாட்டிலுக்கு முன் 14, பின் 16. பொய்யில்லை. பாட்டில் ஊற்றிய வாரம் அன்பர் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதிப்பார், சிக்னலில் எஞ்சினை அணைப்பார், டயருக்குக் காற்று பார்ப்பார், ஏசியைக்கூட யோசித்துத்தான் போடுவார். அடுத்த வாரம் பழைய மிதி, பழைய மைலேஜ். “மருந்து தீந்துடுச்சு” என்பார்.

ஆக்டேன் கூடுவதால் பயன் பெறுகிற வண்டிகள் இல்லாமல் இல்லை. 95-க்குக் குறையாமல் போடு என்று கையேட்டிலேயே சொல்லும் டர்போ எஞ்சின், பந்தயக் கார், கரி படிந்து தட்டத் தொடங்கிய கிழ எஞ்சின். முதலாவதுக்கு பங்க்கிலேயே 95 கிடைக்கிறது. கடைசியானதற்கு கரியைச் சுரண்டுவதே வைத்தியம். முன்பு 95 கிடைக்காத சாலையில் மாட்டிக்கொண்ட டர்போக்காரர் ஒருவேளை பாட்டிலைத் தேடியிருக்கலாம். அவரிடம் நிச்சயம் பாட்டில் இருந்திருக்காது. அன்பரின் கையேடு டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருக்கிறது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி விவகாரத்தின் நடுவே அன்பர் எழுந்தார். “பெட்ரோல்னு காசு வாங்கிட்டு சாராயத்த ஊத்துறான் சார்!” மைலேஜ் கொஞ்சம் குறைகிறது என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களைப் பற்றிக் கவலைப்பட்டதிலும் உண்டு. ஆனால் 40 லிட்டர் டேங்க்கில் எட்டு லிட்டர் எத்தனால். இத்தனை பெரிய ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஜி.பி. ரோட்டில் எந்த அலமாரியிலும் இல்லை. இருபது சதவீதப் பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கமே கொடுத்தது. கேட்ட மார்க்கில் ஏறக்குறைய பாதி தானாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்த எட்டு லிட்டரை வாயாரத் திட்டிக்கொண்டே அன்பர் மேலே 300 மில்லி ஊற்றுகிறார்.

போன வாரம் கடையில் புது பாட்டில் வந்திருந்தது. எத்தனாலின் கேட்டிலிருந்து எஞ்சினைக் காக்கும் என்று லேபிள் சொன்னது. அன்பர் அதையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

“ரெண்டையும் ஒண்ணா ஊத்தலாமா?”

கடைக்காரர் சற்று யோசித்தார். “இத காலைல ஊத்துங்க சார். அத ராத்திரி ஊத்துங்க.”