தொலைதூரத் தளபதிகளுக்கு ஒரு நன்றியுரை

மாவீரர் நாள் மண்டபங்களில் நன்றியுரை கேட்க ஆள் மிஞ்சுவதில்லை. விளக்கேற்றி, பேச்சைக் கேட்டு, கொத்துரொட்டிப் பார்சலும் கையுமாகக் கார் நிறுத்திய இடத்துக்கு நடந்துவிடுவீர்கள். ஆகவே இந்த முறை நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்வது வன்னிச் சனம். கேட்க வேண்டியவர்கள் ஸ்காபரோ, ஹரோ, லா சப்பல், சூரிச் என்று பரந்து வாழும் எங்கள் தளபதிகள்.

முதல் நன்றி உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு. ஆமி பிடிக்கும், இயக்கம் விடாது, உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று கேஸ் எழுதினீர்கள். 1983 ஜூலை இனக்கலவரத்தைக் கண்டவர்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. ஓடியது குற்றமும் இல்லை. ஏஜென்சிக்குக் கட்டக் காசு இருந்திருந்தால் நாங்களும் ஓடியிருப்போம். எங்களை மலைக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. விசா கைக்கு வந்ததும், ஓடாமல் நின்று சாவதே தமிழனுக்கு அழகு என்று கண்டுபிடித்தீர்கள். உங்கள் பிள்ளையைக் கொன்றுவிடும் என்று அதிகாரி முன்னால் அழுது சொன்ன அதே யுத்தம், எங்கள் பிள்ளையை மட்டும் மாவீரன் ஆக்கும் என்று மேடையில் முழங்கினீர்கள்.

இரண்டாவது நன்றி இறுதி யுத்த நிதிக்கு. கனடாவில் ஒரு குடும்பத்திடம் புலிகள் 2,500 முதல் 5,000 டாலர் வரை கேட்டார்கள் என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. மறுத்தவர் ஊருக்கு வந்தால் வன்னியில் வைத்துக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு கணக்குத் தீர்த்த கதைகளும் அதில் உண்டு. பயந்து கொடுத்தவர்களை விடுங்கள். மனமுவந்து கொடுத்தவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற இயக்கத்தின் சட்டம் ஏன் கடல் தாண்டவே இல்லை? உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை கணக்கு ரியூஷனுக்கும் அரங்கேற்ற ஒத்திகைக்கும் போய்க்கொண்டிருந்தது. இங்கே தாய்மார் நிலத்தில் குழி வெட்டி, பீப்பாய் இறக்கி, அதற்குள் மகனை ஒளித்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள், கலியாணம் முடித்தவளைப் பிடிக்க மாட்டார்கள் என்று நம்பி. பிறகு தாலியோடும் பிடித்தார்கள். நீங்கள் பணத்தைத் தவணையில் கட்டினீர்கள். எங்களிடம் பிள்ளையை ஒரே தடவையில் எடுத்தார்கள்.

மூன்றாவது நன்றி உங்கள் போர்க்கலை ஞானத்துக்கு. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. 'ஆமியை உள்ளே விட்டுப் புலிகள் அடிப்பார்கள்' என்றீர்கள். அதே மாதம் முல்லைத்தீவு போனது. இன்னும் உள்ளே விட்டு அடிப்பார்கள் என்றீர்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து வரைபடத்தில் விரல் வைத்து நீங்கள் காட்டிய அந்த 'உள்ளே'யில் இருந்தது நாங்கள். விட்டார்கள். அடித்தார்கள். அடி எங்கள் மேல் விழுந்தது. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடத்திலேயே அரசின் ஷெல் விழுந்தது, ஆஸ்பத்திரியிலும் விழுந்தது. தப்பி ஓடிய சனத்தைப் புலிகளின் துவக்குச் சுட்டது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, சுட்ட இரண்டு பக்கத்தையும் அது எழுதியது. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்தீர்கள்.

2009 மே மாதம் டொராண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு இறங்கி உட்கார்ந்த தாய்மாரின் கண்ணீர் உண்மையானது. இரண்டு வேலை செய்து தங்கையைக் கரைசேர்த்தவரும், ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவரும் உண்மையானவர்கள். அவர்கள் நன்றியை எதிர்பார்ப்பவர்கள் அல்ல. இந்த உரையும் அவர்களுக்கானது அல்ல. சனத்தை வெளியே விடுங்கள் என்று இயக்கத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மேடைக்காரர்களுக்கானது.

மெல்பேர்ணில் இருந்து சிங்கக்கொடி பிடித்த தேசபக்தர்களையும் மறந்துவிடக் கூடாது. பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்ற கொழும்பின் பொய்யை வெளிநாட்டுத் தெருக்களில் நின்று காவல் காத்தார்கள். அநுராதபுரத்து விவசாயியின் மகன் முத்திரையிட்ட பெட்டியில் வீடு திரும்பினான். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தாய்க்கு அனுமதி இல்லை. தேசபக்தரின் மகன் அப்போது கிரிக்கெட் பயிற்சியில் இருந்தான். இந்த விஷயத்தில் இரண்டு இனங்களும் பூரண ஒற்றுமை.

யுத்தம் முடிந்தும் உங்கள் சேவை முடியவில்லை. 2023 மாவீரர் நாளில் புலித் தலைவரின் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு பெண்ணைத் திரையில் காட்டி உரையாற்ற வைத்தார்கள். பார்த்துக் கண்கலங்கியவர்களும் உங்களில் இருந்தார்கள். இறந்தவர்களை எழுப்பும் வித்தை கைவசம் இருக்குமானால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வாருங்கள். 2017 பெப்ரவரியில் இருந்து அங்கே தெருவோரக் கொட்டகையில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராடுகிறார்கள். எத்தனையோ பேர் பதில் வராமலே செத்துப்போனார்கள். தலைவரின் மகளுக்குக் கிடைத்த உயிர்ப்பு அவர்களின் பிள்ளைகளில் ஒன்றுக்காவது கிடைக்காதா?

கடைசியாக ஒரு கணக்கு. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த நிதியில் மிஞ்சியது எங்கே? யார் பெயரில்? எந்தக் கடையாக, எந்தக் கட்டிடமாக? பணம் கட்டிய உங்களில் சிலரிடமாவது பற்றுச்சீட்டு இருக்கும். யுத்தத்தின் கடைசியில் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையால் பிடித்து ஒப்படைத்த தாயிடம் அதுவும் இல்லை. அதற்கு முன்னால் மகளை இயக்கம் கொண்டுபோனபோதும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொழும்பிடம் நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். மற்றக் கணக்கை நீங்கள் காட்டுங்கள். அதைக் காட்டும் வரைக்கும், அடுத்த கட்டப் போராட்டம் என்று மேடையில் வாய் திறக்காதீர்கள்.