லாகூரி வாசலுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டி

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பெயர் மாற்றக் குழு, தில்லி.

பொருள்: கோட்டை வாசலுக்கு நாட்டுப்பற்றுள்ள பெயர் சூட்டக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

ஊர், தெரு, ரயில் நிலையம் என எல்லாவற்றையும் மாற்றி முடித்தும் தங்களுக்குக் கை அரிப்பு அடங்கவில்லை என்று கேள்வி. தங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு பெயரைக் காட்டிக்கொடுக்கவே இந்த விண்ணப்பம்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் எங்கே கொடியேற்றுகிறார்? செங்கோட்டையில் என்பீர்கள். கோட்டையில் எந்த இடம்? மேற்கு வாசல். அதன் பெயர் லாகூரி தர்வாசா! 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு அங்கே கொடியேற்றியபோது லாகூர் யாருக்கு என்றுகூட அறிவிக்கப்படவில்லை. எல்லைக்கோடு வெளியானது மறுநாள். அன்று மறந்தது, இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

எந்த வாசலில் புறப்பட்டால் எந்த ஊர் போகலாமோ, அந்த ஊரின் பெயரே வாசலுக்கு. ஷாஜகான் காலத்துத் தில்லிக்கு அவ்வளவுதான் தேசபக்தி. அஜ்மீருக்கு அஜ்மேரி, காஷ்மீருக்குக் காஷ்மீரி. தெற்கே கிடந்த பழைய தில்லிகளுக்குப் போக, தில்லிக்குள்ளேயே ஒரு தில்லி வாசல். லாகூர்க்காரர்களும் சளைத்தவர்களில்லை, அங்கேயும் ஒரு தில்லி தர்வாசா அதே பெயரில் நிற்கிறது. அதை அந்தப் பக்கத்துக் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

காரியத்தில் இறங்குமுன் முன்னவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். ஔரங்கசீப் லாகூரி வாசலுக்கு முன்னால் பெரிய தடுப்புமதில் எழுப்பி வாசலையே மறைத்தார். பெயர் மறையவில்லை. 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலேயர் காஷ்மீரி வாசலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்த்தவர்களின் பெயர்களைப் பின்னாளில் கல்லில் வெட்டி அங்கேயே பதித்தார்கள். குண்டு துளைத்த சுவரைப் படமெடுப்பவர்கள்கூட அந்தக் கல்லை நின்று படிப்பதில்லை. வாசலின் பெயரையோ மெட்ரோவில் ரயிலுக்கு ரயில் அறிவிக்கிறார்கள். நகர மதிலில் இருந்த இன்னொரு லாகூரி வாசல் இடிந்தே போயிற்று. பேட்டைக்குப் பெயர் மட்டும் இருக்கிறது.

பெயர் மாறிய வாசலும் ஒன்று உண்டு. 1857 செப்டம்பர் 22 அன்று, சரணடைந்த முகலாய இளவரசர்கள் மூவரை ஹாட்சன் என்ற அதிகாரி சுட்டுக்கொன்ற இடம். அன்றுவரை வேறு பெயரில் இருந்ததை, ரத்த வாசல் என்று பொருள்பட ‘கூனி தர்வாசா’ ஆக்கிவிட்டது ஊர். குழுவும் கூடவில்லை, அரசாணையும் வரவில்லை.

ஆக, பெயர் நிலைக்க இரண்டே வழி. ஒன்று, ஜனம் அந்த வழியாக எங்காவது போக வேண்டும். அல்லது, அங்கே பெரும் அநியாயம் நடக்க வேண்டும். முதல் வழியில் ஏற்கெனவே கோட்டை விட்டாயிற்று: 1999இல் தொடங்கிய லாகூர்ப் பேருந்து தில்லி வாசலுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டது, 2019இல் அதுவும் நின்றது. இரண்டாவது வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. தங்களுக்கும் இராது என்று நம்புகிறேன்.

மூன்றாவதாக ஒரு வழி தங்கள் கோப்பில் இருந்தால், ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவன்