சந்தேஷும் சர்வரும்

கொல்கத்தா பவானிபூரில் 1885 முதல் பலராம் மல்லிக் கடை சந்தேஷ் விற்கிறது. வங்காளத்தில் சந்தேஷ் என்றால் இனிப்பு. செய்தி என்றும் பொருள். ஆக, கேட்டவருக்குக் கேட்ட செய்தியை எடுத்துக் கொடுக்கும் சர்வர் கொல்கத்தாவில் ரொம்ப நாளாக ஓடுகிறது. கம்ப்யூட்டர்காரர்கள்தான் லேட்.

அதற்கும் முன்பே, 1839-ல், ஆற்றின் அக்கரைத் தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ஓ'ஷானசி என்ற ஐரிஷ் டாக்டர் மைல்கணக்கில் கம்பி இழுத்தார். செய்தி வந்ததா என்று பார்க்கக் கருவியா இருக்கிறது? விரலில் ஷாக் அடித்தால் வந்துவிட்டது என்று அர்த்தம்! அதே வருஷம் கஞ்சாவின் மருத்துவக் குணம் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். இரண்டையும் முடிச்சுப் போடவேண்டாம்.

கம்பி வந்தபின் அதில் கூட்டமும் வந்தது. 1909-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காரர் எர்லாங், கூப்பிடுகிறவர்கள் இஷ்டத்துக்குக் கூப்பிட்டாலும் அந்த இஷ்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்றார். 1961-ல் சத்யஜித் ராய், தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அதே வருஷம் அமெரிக்காவில் ஜான் லிட்டில், நிமிஷத்துக்கு இரண்டு பேர் வந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் இருந்தால் கடையில் சராசரி இருபது பேர் இருப்பார்கள் என்பதை நிரூபித்தார். எல்லோருக்கும் தெரிந்ததுதான், நிரூபிக்கத்தான் ஆளில்லை.

முதலாளிகளுக்குப் பிடிக்காத கணக்கு வேறொன்று. ஆட்கள் தாறுமாறாக வந்து, ஆளுக்கொரு நேரம் பிடிக்கும் கடையில், கவுண்டர் பையன் பாதி நேரம் வேலை செய்தால் அங்கே சராசரி ஒருவர்தான் இருப்பார். 90 சதவீத நேரம் செய்தால் ஒன்பது பேர். 99 என்றால் தொண்ணூற்றொன்பது! பையன் சும்மா நிற்பதால்தான் கடை வேகமாக ஓடுகிறது. இதைக் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சர்வர் வாங்கும் ஆபீஸிலும் அதே முகம்தான், "பாதி சும்மாதானே கிடக்கு, இன்னொன்று எதற்கு?"

இந்த ஒன்பதும் தொண்ணூற்றொன்பதும், வருகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் வந்தால்தான். வங்காளத்தில் ஜாமாய் ஷஷ்டி அன்று, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்க ஊர் மொத்தமும் ஒரே காலையில் இனிப்புக் கடைக்குக் கிளம்பும். நம் பக்கத்தில் காலை பத்து மணிக்குத் தட்கல் டிக்கெட்டுக்கு உட்கார்வதும் அதே ரகம்தான்.

எர்லாங்கின் கணக்கில் மாமியார் கிடையாது.